படிக்காமல் திரும்பி வந்த புத்தகம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். நூலகர்கள் கூட்டத்துக்குப் பாளையங்கோட்டை வரும்போதெல்லாம் நாங்கள் நாலைந்து பேர் டீக்கடையில் நின்று பேசுவோம். எந்த நூலகத்தில் எது ஓடுகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது, யார் என்ன படிக்கிறோம் என்று பேச்சு போகும். போன தடவை அது சண்டையாகிவிட்டது. "கேட்டதைக் குடுக்கதுதான் நம்ம வேலை. குடும்ப நாவல் கேட்டா குடும்ப நாவல்" என்றார் மூத்தவர் ஒருவர். "அப்போ ரசனையை யாரு வளக்கது?" என்றார் இன்னொருவர். நான் இவர் கட்சி.

எங்கள் நூலகத்துக்கு வரும் பீடி சுற்றும் அக்கா ஒருவருக்கு, அவர் வழக்கமாக எடுக்கும் குடும்ப நாவலுக்குப் பதிலாக நல்ல சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தேன். நாலே நாளில் திருப்பிக் கொண்டுவந்து, "படிக்க ஓடலம்மா" என்று வைத்துவிட்டுப் போனார். அப்புறம் ஆளையே காணோம். நான் செய்தது தப்பா? இன்னொன்று, எங்கள் பேச்சைக் கேட்ட ஒருவர் "வெட்டிப் பேச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் உறுத்துகிறது.

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். அது வெட்டிப் பேச்சு இல்லை. தினமும் நீங்கள் எழுதும் பதிவேட்டில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்று கணக்கு இருக்கும். ஒருவர் வந்து ஒரு புத்தகம் கேட்டு, இல்லை என்றதும் பேப்பரைப் புரட்டிவிட்டுக் கிளம்பியது எந்தக் கட்டத்திலும் ஏறாது. முக்கூடலில் எதைக் கேட்டு வெறுங்கையோடு போனார்கள், களக்காட்டில் எந்தப் புத்தகத்தின் அட்டை கிழிந்துகொண்டே இருக்கிறது என்பதெல்லாம் டீக்கடையில்தான் கை மாறும். புத்தகம் பெரும்பாலும் சென்னையில் தேர்வாகிக் கட்டுக்கட்டாக ஊருக்கு வருகிறது. 2024இல் கொள்முதலுக்கு இணையதளம் வந்து வெளிப்படை கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் உங்கள் ஊரில் யார் எதைக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டுப் போட்டு, கேட்டும் கிடைக்காதவற்றை எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் நாலு பேர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டிய பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும்.

சரி, அந்த அக்காவுக்கு வருவோம். நீங்கள் கொடுத்தது நல்ல புத்தகமாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய நாளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இலையை நனைத்து, வெட்டி, தட்டை மடியில் வைத்துத் தூள் அள்ளிச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி தேறுவதற்குள் பொழுது போய்விடும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது புத்தகத்தைப் பிடிக்க முடியாது. கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வந்து, சோறு வடித்து, எல்லாரும் படுத்த பிறகு கிடைக்கிற அரை மணி நேரம்தான் அவருடைய படிப்பு. நேற்று விட்ட இடத்தில் இன்றைக்குத் தொடங்க வேண்டும். நாவலில் அது நடக்கும். ஆட்கள் ஏற்கெனவே பழகியவர்கள். பகலில் பீடி சுற்றும்போதுகூட அந்த மருமகள் இனி என்ன செய்வாள் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கலாம். சிறுகதைத் தொகுப்பு அப்படி இல்லை. தூக்கம் சொக்கும் கண்ணோடு ஒவ்வொரு ராத்திரியும் புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'படிக்க ஓடல' என்று அவர் சொன்னதை ரசனைக் குறைவு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு வேண்டியது தொடர்ந்து போகிற பெரிய கதை. நம் பக்கத்து வாழ்க்கையை எழுதிய நல்ல நாவல்களில் முந்நூறு, நானூறு பக்கம் போகிறவை உண்டு. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் விஷயமே வேறு.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. உங்கள் மூத்தவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார், நீங்கள் மூன்றாவதை. கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர் ரங்கநாதன், இரண்டையும் யோசிக்காமல் அடுத்தடுத்து வைத்திருக்க மாட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளையும் அலமாரியில் நிற்கும் புத்தகத்தையும் சேர்த்துத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால்தான் இரண்டு விதியும் நடக்கும். அந்த ஒருவர் நீங்கள்.

மூத்தவர் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அந்த அக்காவின் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பாருங்கள், நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். வரியில் ரூபாய்க்கு பத்து காசு. சென்னை மாகாணத்தில் 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி இது. உங்கள் அலமாரியில் இருக்கும் குடும்ப நாவலுக்கு அவர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். அதைக் கேட்டு வரும்போது நம் முகம் சுருங்கக் கூடாது. படித்தவர்கள் முகம் சுருங்குவது அந்த அக்காவைப் போன்றவர்களுக்கு உடனே தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் விஷயமும் இதேதான். கதை படிக்கவில்லையே என்று அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் வழிகாட்டி நூல்களுக்கு இடம் விட்டுக் கதை அலமாரி மூலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ரசனை வளரவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், அதில் எனக்கு உங்களைவிட ஆசை அதிகம். அதற்கு வழி உங்கள் மேஜை மேலேயே கிடக்கிறது. திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்குவதற்கு முன் ஒரு குவியலாக வைத்திருப்பீர்கள் இல்லையா? உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் நேராக அந்தக் குவியலைத்தான் கிளறுவார்கள். யாரோ படித்த புத்தகம், அப்போ நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அலமாரியில் முதுகு மட்டும் தெரிய வருடக்கணக்காக நின்ற புத்தகம், அங்கே அட்டை தெரியக் கிடந்தால் கைக்குப் போகும். தினம் இரண்டை எடுத்து அதில் போட்டு வையுங்கள். யாரும் யாருக்கும் பாடம் எடுத்தது போலவும் இருக்காது.

அப்புறம், துப்பறியும் நாவலும் குடும்ப நாவலும் நீங்களும் படியுங்கள். மாமியார் மனசு மாறுகிற இடம் நன்றாக இருந்தது என்று ஒருவர் சொன்னால், எந்த இடம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால்தான் அடுத்த புத்தகம் எது என்று தெரியும். எழுத்தாளரின் பெயரை வைத்து அடுத்ததைத் தேடினால் பாதி நேரம் தப்பாகும். படித்தவருக்கு மனசில் நின்ற இடத்தை வைத்துத் தேடினால் பெரும்பாலும் சரியாக வரும்.

அந்த அக்கா வரவில்லை என்று சும்மா இருக்காதீர்கள். அந்தத் தெருவிலிருந்து சாயங்காலம் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். "பெரிய கதைப் பொஸ்தகம் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு" என்று சொல்லியனுப்புங்கள். வந்தால் சிறுகதைத் தொகுப்பைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். இதுவரை படித்த கதைகளில் யாரை மறக்க முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதற்கேற்ற நாவல் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால், நான் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி