பூஜை அறையோடு வெளிநாடு குடிபோகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வெளிநாடு போகும் குடும்பங்களின் வீட்டுச் சாமான்களைச் சென்னையில் பெட்டி கட்டி அனுப்புவது என் தொழில். பூஜை அறைக்கு வந்ததும் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். அங்கே என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

சார், தாத்தா வைத்துக் கும்பிட்ட ஒன்பது அங்குல பஞ்சலோகக் கிருஷ்ணர் எங்களிடம் இருக்கிறார். பில் எதுவும் இல்லை. டொராண்டோவுக்கு எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போகலாமா என்பது சிலையின் வயதைப் பொறுத்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிலை தொல்பொருள். தனி ஆள் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அந்த வயதை நீங்களும் நானும் சொன்னால் செல்லாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்க வேண்டும். அவர்களுடைய சென்னை அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. முன், பின், பக்கவாட்டுப் படங்களோடு பீடத்தின் அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள். உயரத்தையும் எடையையும் குறித்து வையுங்கள்.

நாலு விரல் உயரப் பாலகிருஷ்ணர் ஒருவரை ஒரு குடும்பம் கைப்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போனது. அபிஷேகம் செய்து செய்து மூக்கும் கண்ணும் மழுங்கி, முகம் கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. வீட்டில் அதை 40 வருஷச் சிலை என்றார்கள். பார்த்த அதிகாரிக்கோ 200 வருஷம் என்று தோன்றியது. கையில் சான்று இல்லை, விமானம் போய்விட்டது. அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அழுததை என்னால் மறக்க முடியவில்லை. பயணத் தேதி உறுதியானதுமே முதல் வேலையாக இந்தச் சான்றுக்கு மனுப் போடுங்கள்.

100 வருஷம் தாண்டியது என்று சொல்லிவிட்டால் பிடுங்கிக்கொள்வார்களா?

பதிவு செய்வதால் உங்கள் உரிமை போய்விடாது. அப்படிப்பட்ட சிலையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதுதான் சட்டம். சிலை மட்டும் இங்கேயே இருக்கும். தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ விளக்கேற்ற ஒருவரைப் பார்த்து வையுங்கள். மீறி எடுத்துப் போனால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

இந்தக் கெடுபிடி கோபம் வரவழைக்கும், எனக்குத் தெரியும். ஆனால் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றாரே, அவர் திரும்பி வந்தது 2014-இல்தான். எக்ஸ்ரேயில் கோயில் சாமியும் வீட்டுச் சாமியும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

சுவாமிமலையில் போன மாதம் புதிதாக வாங்கினேன். அதற்குமா சான்று?

பில்லில் உலோகம், உயரம், எடை, புதிதாக வார்த்தது என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். பச்சைப் பாசி ஏறியதுபோல 'ஆன்டிக் ஃபினிஷ்' கொடுத்த சிலை என்றால் சான்றும் வாங்கிவிடுங்கள். அந்தப் பூச்சு பலரைத் தடுமாற வைத்திருக்கிறது.

மெல்போர்ன் போகிறோம். மரப் பிள்ளையார், ருத்ராட்சம், முருகனுக்கு வைத்த மயிலிறகு எல்லாம் உண்டு.

மயிலிறகை இங்கேயே விட்டுவிடுங்கள், அதன் ஏற்றுமதிக்கு இந்தியாவிலேயே தடை. மரமும் ருத்ராட்சமும் இருப்பதை ஆஸ்திரேலியப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பிள்ளையாரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்: ஊசி முனை அளவு துளையும் அதிலிருந்து மாவு போல் தூளும் இருந்தால் வண்டு இருக்கிறது என்று அர்த்தம், அவரைக் கொண்டுபோகாதீர்கள். சதுர்த்திக்கு வாங்கிய பச்சைக் களிமண் பிள்ளையாரும் வேண்டாம், மண்ணுக்கு அங்கே அனுமதி இல்லை. வைக்கோல் வைத்துக் கட்டாதீர்கள். தந்தச் சிலை இருந்தால் எந்த நாட்டுக்கும் எடுக்காதீர்கள்.

ரியாத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அண்ணா. சின்னதாக ஒரு வேலாவது?

வேண்டாம், தம்பி. சவுதியில் பிற மத வழிபாட்டைப் பொதுவெளியில் நடத்த அனுமதி இல்லை. சுங்கத்தில் சிக்கினால் வேலைக்கே ஆபத்து. துபாய் வேறு. அங்கே ஜெபல் அலியில் 2022-இல் கோயிலே திறந்திருக்கிறார்கள்.

கைப்பையா, பெரிய பெட்டியா?

சின்னச் சிலை கைப்பையில் போகலாம். வேல், சூலம் மாதிரிக் கூரானவை பெட்டிக்குள் போகட்டும். கற்பூரத்தை எதிலும் வைக்காதீர்கள், அது தீப்பற்றும் பொருள்.

சாமியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடைப்பது பாவம் இல்லையா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் 1323-இல் படையெடுப்புக்குத் தப்பிக் கிளம்பி, ஊர் ஊராக ஒளிந்திருந்து, 1371-இல்தான் திரும்பி வந்தார். நம் சாமிக்குப் பயணம் புதிதில்லை.

மனம் ஒப்பவில்லை என்றால் குருக்களைக் கூப்பிட்டுக் கலையை, அதாவது சிலையில் இருக்கும் தெய்வ சக்தியை, கும்பத்தில் இறக்கச் சொல்லுங்கள். போன இடத்தில் மறுபடி பூஜை செய்து ஏற்றிக்கொள்ளலாம். சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசி கழன்று வருவதாக இருந்தால் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். முதலில் உடைவது விரல்களும் புல்லாங்குழலும்தான், அங்கே பஞ்சு வையுங்கள். முதல் சுற்றுக்கு உங்கள் வீட்டுப் பழைய பருத்தி வேட்டி போதும், அதற்கு மேல் ஃபோம். சாமி நின்ற வாக்கிலேயே போகும்படி பெட்டியின் நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி போடச் சொல்லுங்கள். நான் கட்டும் பெட்டிகளில் அதை நானே என் கையால் போடுகிறேன்.