லாரி வீட்டில் கைக்குழந்தையோடு முதல் குளிர்காலம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கிலாந்துக்குப் படிக்க வந்து, இந்த நாட்டுக்காரரையே திருமணம் செய்துகொண்டேன். குதிரைகளை ஏற்றிச் செல்லும் பழைய லாரி ஒன்றை என் கணவர் தன் கையாலேயே வீடாக மாற்றினார். டெவன் பகுதியில் ஒரு விவசாயியின் வயலோரம் அதை நிறுத்தி, அதில்தான் குடியிருக்கிறோம். வாடகை மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை, எனக்கும் இந்த வாழ்க்கை பிடித்துத்தான் வந்தேன். ஜூனில் மகன் பிறந்தான். கோடை முழுக்கக் கதவைத் திறந்துபோட்டுச் சந்தோஷமாக இருந்தோம்.

இப்போது அக்டோபர். காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீராக வழிகிறது. மெத்தையின் அடியில் கறுப்பாகப் பூஞ்சை. விறகு அடுப்பு எரியும்போது உள்ளே ஒரே வெக்கை. அது அணைந்துவிட்டால் விடியற்காலையில் நடுக்கம். இரவில் எழுந்து எழுந்து குழந்தையின் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். ஜில்லென்று இருந்தால் இன்னொரு போர்வை போர்த்துகிறேன். அவன் நன்றாகத் தூங்கும்போதும் எனக்குக் கண் மூடவில்லை.

எக்ஸிட்டரில் மாமனார் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, வரச்சொல்கிறார்கள். கணவரோ, "இப்போது போனால் திரும்பி வரவே மாட்டோம்" என்கிறார். பேச்சு சண்டையில் முடிகிறது. ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில், "பச்சப்புள்ளய லாரியில போட்டு வச்சிருக்கியே" என்று அழுகிறார். நான் நல்ல தாய்தானா? இருப்பதா, போவதா?

– டெவனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

குழந்தையின் கையைத் தொட்டுப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். கைக்குழந்தைகளின் கையும் காலும் பொதுவாகவே சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும். எனவே எத்தனை முறை தொட்டாலும் உங்கள் பயத்துக்குப் பதில் கிடைக்காது, பயம்தான் கூடும். நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் போதும். வியர்த்திருந்தால் ஒரு அடுக்குத் துணியைக் குறையுங்கள். அளவுக்கு மீறிய சூடு தூக்கத்தில் குழந்தைக்கு ஆபத்து. அதனால் போர்வை மேல் போர்வை வேண்டாம். 2.5 டாக் (துணி எவ்வளவு கதகதப்புத் தரும் என்பதன் அளவு) உள்ள குழந்தைத் தூக்கப்பையில், தொப்பி இல்லாமல், மல்லாக்கக் கிடத்துங்கள். தொட்டில் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். 16 முதல் 20 டிகிரி இருந்தால் நீங்களும் படுத்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது குளிரைவிட அந்த அடுப்புதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அலாரம் இல்லையென்றால் இன்றே வாங்கி மாட்டுங்கள், இருந்தால் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். குளிர்காற்று வருகிறதென்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பது, கேஸ் அடுப்பைக் கொளுத்திக் குளிர் காய்வது, விறகு அடுப்பின் காற்றுவழியை மூடி நெருப்புக் கங்குகளை வைத்துக்கொண்டு தூங்குவது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். இரவுக்கு, புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டரை, அந்த வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பொருத்துவது நல்லது. உங்கள் சிலிண்டரில் பியூட்டேன் இருந்தால், உறைபனி நாளில் அதிலிருந்து கேஸ் சரியாக வராது. இப்போதே புரொப்பேனுக்கு மாறிவிடுங்கள்.

ஈரத்துக்கு வழி, துணிகளை உள்ளே காயப்போடாமல் இருப்பதும், மெத்தைக்கு அடியில் காற்று ஓட மரச்சட்டம் வைப்பதும்தான். நன்கு காய்ந்த விறகையே எரியுங்கள். பூஞ்சை பிடித்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கணவர். உங்களுக்குக் குழந்தையை நினைத்துப் பயம். அவருக்கோ, கையால் கட்டிய வாழ்க்கை நழுவிவிடுமோ என்ற பயம். நடுராத்திரியில், தூக்கம் கெட்ட நிலையில், இதைப் பேசித் தீர்க்க முடியாது. ஒரு பகல் வேளையில் உட்கார்ந்து, எப்போது மாமனார் வீட்டுக்குப் போவது என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். ஹீட்டர் ஓடியும் தொடர்ந்து இரண்டு விடியற்காலை 16 டிகிரிக்குக் கீழே போனால், பூஞ்சை திரும்ப வந்தால், வயல் சேறாகி வண்டி வெளியே வர முடியாத நிலை நெருங்கினால், அன்றே கிளம்புவது. குழந்தைக்கு மூச்சு இழுத்தாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ முதலில் டாக்டர், பிறகு மாமனார் வீடு. அதே தாளில் திரும்பும் நாளையும் எழுதுங்கள். மார்ச் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய பயத்துக்கு அந்த ஒரு வரிதான் பதில். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் சுமார் 8 மணி நேரம்தான், சோலார் தகட்டிலிருந்தும் பெரிதாக எதுவும் கிடைக்காது. அந்த இருட்டு மாதங்களை மட்டும் எக்ஸிட்டரில் கழிப்பதும் இந்த வாழ்க்கைக்குள் அடங்கியதுதான் என்பது என் கருத்து.

நல்ல தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம். நவம்பருக்குக் காத்திருக்காமல் அக்டோபரிலேயே இதையெல்லாம் யோசித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரசவத்துக்குப் பிந்தைய பதற்றமும் மனச்சோர்வும் இப்படித் தொடங்குவதுண்டு. உங்கள் ஹெல்த் விசிட்டரிடம் (தாயையும் குழந்தையையும் வந்து பார்க்கும் நர்ஸ்) இதை அப்படியே சொல்லுங்கள். தாயின் மனநிலையை அறிய எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கேட்பார்கள், 1987-லிருந்து புழக்கத்தில் இருப்பது. மறைக்காமல் பதில் சொல்லுங்கள். லாரியில் இருப்பதால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், அவர்கள் பார்ப்பது குழந்தை எப்படி இருக்கிறான் என்பதை. இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை. தடுப்பூசி எதுவும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுத்தால் வைட்டமின் டி சொட்டு மருந்தும் தினமும் கொடுங்கள்.

இரவில் ஒரு பாதியைக் கணவரிடம் விடுங்கள். அந்த நேரத்தில் ஹீட்டரும் தெர்மாமீட்டரும் அவர் பொறுப்பு.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். தெர்மாமீட்டரையும் அலாரத்தையும் வீடியோ காலில் காட்டுங்கள், எக்ஸிட்டர் அறையைப் பற்றியும் சொல்லுங்கள். என்ன ஏற்பாடு என்று தெரியாததால்தான் அவர் அழுகிறார்.

உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், எந்த நேரமானாலும் மருத்துவ உதவி எண்ணான 111-ஐ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 999. பக்கத்தில் இருப்பவரையும் எழுப்புங்கள்.