சேவை ஆண்டும் முதுகலைப் படிப்பும்: கையெழுத்துக்கு முன் ஒரு மணிக்கணக்கு

கேள்வி: நியூ ஜெர்சியில் பெற்றோருடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கடைசி ஆண்டு தொடங்கப்போகிறது. வீடற்றோருக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம், அமெரிகார்ப்ஸ் என்ற அமெரிக்க அரசின் சமூக சேவைத் திட்டத்தில் ஓராண்டு முழுநேரச் சேவைக்கு அழைக்கிறது. படித்துக்கொண்டே செய்ய முடியுமா? 'முதலில் படிப்பை முடி' என்கிறார் அப்பா.

பதில்: செய்யலாம். ஆனால் சேவை மணிகளே, பட்டத்துக்காக நீங்கள் செய்ய வேண்டிய களப்பணிப் பயிற்சி மணிகளாகவும் கணக்கில் ஏற வேண்டும். ஏறாது என்றால் அப்பா சொல்வதே சரி.

காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். அமெரிகார்ப்ஸில் முழுநேரம் என்றால் 1,700 மணி. விடுமுறை போக 50 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 34. கல்லூரியில் மூன்று பாடம் எடுத்தால் வகுப்பு 9 மணி, வீட்டில் படிக்க அதைப்போல் இரு மடங்கு, ஆக 27. எம்.எஸ்.டபிள்யூ. பட்டத்துக்கு மொத்தம் குறைந்தது 900 மணி களப்பணி வேண்டும். முதலாண்டில் 400 முடித்திருந்தால் மீதம் 500. முப்பது வாரத்தில் முடிக்க வாரம் ஏறக்குறைய 17. மூன்றையும் கூட்டினால் 78 மணி. இதை ஒரு மாதம் தாங்கலாம், ஓராண்டு தாங்க முடியாது. பொதுவாக முதலில் அடிபடுவது படிப்பு. நிறுவனத்தில் உங்களுக்காக ஒருவர் வாசலில் காத்திருப்பார். புத்தகம் அப்படிக் காத்திருந்து கூப்பிடாது.

களப்பணியைச் சேவைக்குள் அடக்கிவிட்டாலும் 61 மணி மிஞ்சும். அதனால்தான் 'முழுநேரம்' என்ற சொல்லிலேயே நிற்காதீர்கள் என்கிறேன். அமெரிகார்ப்ஸில் 1,200 மணி, 900 மணி என்று சிறிய இடங்களும் உண்டு. உங்கள் நிலைக்கு நான் தேர்ந்தெடுப்பது 900. வாரம் 18 மணி சேவை, அதற்குள்ளேயே களப்பணி, அதோடு 27 மணி படிப்பு. மாதப்படி குறையும், சேவையை முடித்தால் கிடைக்கும் கல்வித் தொகையும் பாதியாகும். முழுநேரத்தாருக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் இருக்காது. பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரை இருக்கலாம் என்பதால் அந்தக் கவலை உங்களுக்குக் குறைவு.

அழைப்பு எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். வறுமை ஒழிப்புக்காக 1965 முதல் நடக்கும் விஸ்டா என்ற கிளை என்றால் பாதி நேரம் என்ற பேச்சே இல்லை, முழு ஆண்டுதான். வேலையும் நிறுவனத்தைப் பலப்படுத்தும் வேலை: மானிய விண்ணப்பம் எழுதுவது, தன்னார்வலர்களைத் திரட்டுவது போன்றவை. நிர்வாகம், கொள்கை என்று படிப்பவருக்கு அது பொருந்தும். ஆலோசனை, சிகிச்சைப் பிரிவில் படிப்பவருக்கு ஆட்களுடன் நேரில் பழகும் பணி வேண்டும். விஸ்டாவில் அது கிடைக்காது.

அடுத்து, களப்பணியை யார் மேற்பார்ப்பது? எம்.எஸ்.டபிள்யூ. பட்டமும் அதற்குப் பின் இரண்டு ஆண்டு அனுபவமும் உள்ளவர் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. நிறுவனத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் கல்லூரி அந்தப் பொறுப்பை ஏற்று வேறு ஏற்பாடு செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. எனவே கல்லூரியின் களப்பணி அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை மணி ஏற்கப்படும், எந்தப் பணிக்கு, யார் கையெழுத்திடுவார். 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாய்ச்சொல் டிசம்பரில் உதவாது. வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைச் சேவை மணியாகக் காட்ட முடியாது. சேவைக்கு ஒன்று, களப்பணிக்கு ஒன்று என டைம்ஷீட் இரண்டாக இருக்கும். வாரந்தோறும் இரண்டையும் ஒப்பிட்டுவிடுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்தல் ஆண்டுகளில் வாக்காளர் பதிவைப் பயிற்சியாகத் தரும் பேராசிரியர்கள் உண்டு. சேவை மணியில் அதற்குத் தடை. அதைத் தனி நேரத்தில் செய்ய வேண்டும்.

இனிப் பணம். முழு ஆண்டுக்கான கல்வித் தொகை, வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியத்தின் உச்ச அளவுதான். அண்மை ஆண்டுகளில் அது 7,395 டாலர். 900 மணிக்கு அதில் பாதி. இதை நம்பிக் கல்லூரிக் கட்டணம் கட்டத் திட்டமிடாதீர்கள். சேவையை முடித்த பிறகே வரும், அதுவும் உங்கள் கைக்கு வராமல் கல்லூரிக்கோ கடன் தந்தவருக்கோ நேராகப் போகும். ஃபெடரல் மாணவர் கடன் இருந்தால் நல்லது, அதை அடைக்கலாம். தனியார் வங்கிக் கடனுக்கு இந்தத் தொகை செல்லாது. அவசரமில்லை, ஏழு ஆண்டு அவகாசம் உண்டு. பயன்படுத்தும் ஆண்டில் இது வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி விழும். எனவே ஒரு பகுதியை டிசம்பரிலும் மறுபகுதியை ஜனவரியிலுமாகச் செலுத்தினால் சுமை இரண்டு ஆண்டுக்குப் பிரியும்.

நடுவில் விலகினால்? உடல்நலம் போன்ற தக்க காரணம் இருந்து, குறைந்தது 15 சதவீத மணிகளையும் முடித்திருந்தால் விகிதப்படி தொகை கிடைக்கும். 'படிப்பில் சேர', 'வேலை கிடைத்தது' என்பவை தக்க காரணங்கள் அல்ல என்று விதியே சொல்கிறது. ஆய்வறிக்கை நெருக்குகிறது என்று மார்ச்சில் விலகுபவருக்கு ஒரு டாலரும் வராது. 1,700-ஐ ஆசையில் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று நான் அழுத்துவது இதனால்தான்.

நிறுவனத்திடம் கூச்சப்படாமல் இன்னொன்றும் கேளுங்கள்: மானியம் உறுதியாகிவிட்டதா? 2025 ஏப்ரலில் சுமார் 40 கோடி டாலர் அளவுக்கான அமெரிகார்ப்ஸ் மானியங்கள் ஒரே வீச்சில் ரத்தாயின. பல மாநிலங்கள் நீதிமன்றம் போய்த்தான் மீட்டன. சேவை பாதியில் நின்றாலும் களப்பணியை நிறுவனம் தொடர அனுமதிக்குமா என்பதையும் கல்லூரியிடம் வாங்கும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இதே கேள்வியோடு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களும் எழுதுகிறார்கள். அமெரிகார்ப்ஸ் அவர்களுக்குக் கிடையாது. பொதுவாகக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும்.

இந்த வாரமே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி 900 மணி இடம் உண்டா என்று கேளுங்கள். முழுநேரம் மட்டும்தான் என்றால், பட்டம் வாங்கிய பிறகு கோடையிலோ இலையுதிர் காலத்திலோ தொடங்கும் அடுத்த சுற்றில் பெயரைப் பதிய முடியுமா என்று கேளுங்கள். பட்டத்தோடு வருபவருக்காகச் சில மாதம் காத்திருக்கப் பல நிறுவனங்கள் தயங்குவதில்லை.