வாசகர் கேள்விகள்: விரலுக்குக் கட்டுப்பட்ட கண்ணாடி

கேள்வி: 2008இல் என் கணவர் வாங்கிய ஐஃபோன் 3ஜி ஒன்று அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் மகன் அதைப் பார்த்துவிட்டு, “இரண்டு மெகாபிக்சல் கேமராவுக்கா அப்பா முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தார்?” என்று கேட்கிறான். அதில் அப்படி என்ன சிறப்பு இருந்தது?
— ஒரு வாசகி, கரோல்பாக், புதுதில்லி

பதில்: உங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்வி. வசதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தால், அந்தக் கைப்பேசி அன்றைய சந்தையிலேயே பின்தங்கித்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்ட நோக்கியா என்95இல் 5 மெகாபிக்சல் கேமரா, ஃபிளாஷ், வீடியோ பதிவு, எஃப்.எம். வானொலி, மெமரி கார்டு எல்லாம் இருந்தன. ஐஃபோன் 3ஜியில் ஃபிளாஷ் கிடையாது, வீடியோ எடுக்க முடியாது, மெமரி கார்டு போட இடமில்லை, பேட்டரியை நாமே கழற்றவும் முடியாது. எழுதியதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் வசதிகூட 2009 ஜூனில் வந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகுதான் கிடைத்தது.

இந்தியாவில் அது ஏர்டெல், வோடஃபோன் நிறுவனங்களின் வழியாக 2008 ஆகஸ்ட் 22 அன்று விற்பனைக்கு வந்தது. 8 ஜிபி கைப்பேசி 31,000 ரூபாய், 16 ஜிபி 36,100 ரூபாய். அமெரிக்காவில் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கிடைத்த பொருள் என்பதால், இந்த விலையைக் கேட்டுப் பலரும் மலைத்துப் போனார்கள். பெயரிலேயே 3ஜி இருந்தாலும் அந்தச் சேவை அன்று நம் நாட்டில் இல்லை. தில்லியில் அரசு நிறுவனமான எம்டிஎன்எல் அதை அந்த டிசம்பரில்தான் தொடங்கியது, தனியார் நிறுவனங்களோ 2010 அலைக்கற்றை ஏலம் முடிந்த பிறகே வந்தன. அதுவரை 2ஜி வலையமைப்பின் மெதுவான ‘எட்ஜ்’ இணைய வேகத்திலேயே காலம் தள்ள வேண்டியிருந்தது.

அப்படியிருந்தும் உங்கள் கணவர் கொடுத்த பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் திரைக்கும், திரைக்குப் பின்னால் இருந்த மென்பொருளுக்கும் கொடுத்த பணம். அதற்கு 2009இல் வந்த நோக்கியா என்97ஐ ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஏஆர்எம்11 செயலிதான். ஐஃபோன் 3ஜியில் அதன் வேகம் 412 மெகாஹெர்ட்ஸ், என்97இல் 434. இரண்டிலும் ரேம் 128 எம்பி, இரண்டிலும் திரை மூன்றரை அங்குலம். கேமராவிலும் சேமிப்பிடத்திலும் என்97 வெகுதூரம் முன்னால் நின்றது. ஆனால் என்97இன் பட்டியல்களில் ஒரு பெயரைத் தொட்டால் அது தேர்வு மட்டுமே ஆகும், திறப்பதற்கு இன்னொரு முறை தொட வேண்டும். பொத்தான்களுக்காக எழுதப்பட்ட சிம்பியன் மென்பொருளின் மேல் தொடுதிரையைப் பொருத்தியதால் வந்த வினை அது.

ஐஃபோனில் விரலைத் தவிர வேறு கருவி இருக்காது என்று முடிவு செய்துகொண்டுதான் எல்லாவற்றையும் எழுதினார்கள். பேட்டரி உப்பாமல் நல்ல நிலையில் இருந்தால், உங்கள் மகனைத் தொடர்பு எண்களின் பட்டியலைத் திறந்து மேல்நோக்கி ஒருமுறை சுண்டிவிடச் சொல்லுங்கள். விரலை எடுத்த பிறகும் பட்டியல் ஓடிக்கொண்டே இருந்து மெல்ல வேகம் குறைந்து நிற்கும். கடைசிப் பெயரைத் தாண்டி இழுத்தால் சற்றே விலகிக் கொடுத்து மீண்டும் தன் இடத்துக்கு வரும். இன்று எல்லாக் கைப்பேசியிலும் இருப்பதால் இது அவர் கண்ணில் படாமலே போகலாம், ஆனால் 2007இல் முதல் ஐஃபோன் வந்தபோது இப்படி நடந்துகொண்ட கைப்பேசி கடைகளில் வேறு இல்லை. விசைப்பலகையில் நடந்த வேலை இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தட்டத் தொடங்கியதும், அடுத்து வர வாய்ப்புள்ள எழுத்தின் தொடுபரப்பை மென்பொருள் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கிவிடும். விசையின் படம் மாறாது, விரல் கொஞ்சம் விலகிப் பட்டாலும் சரியான எழுத்தே விழும். அத்தனை சிறிய கண்ணாடியில் பெருவிரலால் தட்டெழுத முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: அந்தக் காலத்துத் தொடுதிரைக் கைப்பேசிகள் சிலவற்றோடு ஸ்டைலஸ் என்ற சிறு குச்சி வரும். சிலவற்றுக்கு அது தேவைப்படவில்லை. ஏன் இந்த வேறுபாடு?
— ஒரு மாணவர், முனிர்கா, புதுதில்லி

பதில்: திரை தொடுதலை உணரும் முறையில் இருந்த வேறுபாடு அது. ஸ்டைலஸோடு வந்தவை பெரும்பாலும் ரெசிஸ்டிவ் வகைத் திரைகள். மேலே வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், கீழே மற்றொரு தகடு, இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரம் கடத்தும் பூச்சு, நடுவே மயிரிழை இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடத்து மின்னழுத்தத்தை அளந்து அழுத்திய புள்ளியைக் கணக்கிடுவார்கள். அழுத்தம் மட்டும் போதும் என்பதால் குச்சி, நகம், பேனா மூடி எதுவும் வேலை செய்யும். நோக்கியா 5800, என்97, எச்டிசி டச் டைமண்ட் எல்லாம் இந்த வகைதான்.

ஐஃபோனிலும் அதற்குச் சற்று முன் அறிவிக்கப்பட்ட எல்ஜி பிராடாவிலும் இருந்தது கெப்பாசிட்டிவ் வகை. அதில் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் உள்ளன. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கும் இடத்தில் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒரு சில்லு இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. அழுத்த வேண்டியதில்லை, பட்டாலே போதும். ஐஃபோனின் திரை ஒரே சமயத்தில் பல விரல்களைத் தனித்தனியாக அறிந்ததால்தான் இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்க முடிந்தது. மேற்பரப்பு பிளாஸ்டிக்காக இல்லாமல் கண்ணாடியாக இருந்ததால் எழுத்துகளும் பளிச்சென்று தெரிந்தன.

ஆனால் பழைய முறைக்கும் ஒரு பெருமை உண்டு. ஜனவரி மாதத்துத் தில்லிக் குளிரில் கம்பளிக் கையுறையோடு பேருந்துக்காக நிற்பவருக்கு ரெசிஸ்டிவ் திரை பணிந்தது. கெப்பாசிட்டிவ் திரை அசையாது. அழைப்பை எடுப்பதற்காகப் பல்லால் கையுறையைக் கழற்றுகிறவர்களை இப்போதும் நம் மெட்ரோ நிலையங்களில் பார்க்கலாம்.

கேள்வி: தமிழை இந்தக் கைப்பேசிகளில் படிக்க முடிந்ததா?
— ஒரு வாசகர், மயூர் விஹார், புதுதில்லி

பதில்: விலை உயர்ந்த கைப்பேசிகளில்கூட எளிதில் முடியவில்லை. பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் வெறும் கட்டங்கள் தெரிந்தன. எழுத்துரு இருந்தாலும் சிக்கல் தீரவில்லை. ‘கெ’ என்பது கணினிக்குள் ககரம் முதலிலும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் மென்பொருள் இல்லையென்றால் எழுத்துகள் குலைந்து நிற்கும்.

தலைநகரில் இருந்துகொண்டு ஊர்ச் செய்தியைத் தமிழில் படிக்கத் தவித்த பலருக்கு அன்று கைகொடுத்தது ஓபரா மினி உலாவி. அதன் முகவரிப் பெட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் அடிப்பகுதியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்ற வரிக்கு ‘ஆம்’ என்று மாற்றிச் சேமித்துவிட்டால், தமிழ் எழுத்துகளை அந்நிறுவனத்தின் சர்வரே படமாக வரைந்து அனுப்பிவிடும். பிறகு கைப்பேசியில் எழுத்துருவே தேவையில்லை. அன்றைய தொடுதிரைக் கைப்பேசிகளில் தமிழனுக்கு மிகவும் பயன்பட்ட வசதி எது என்று என்னைக் கேட்டால், எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன். ஐஃபோனில் தமிழ் விசைப்பலகை 2013இல் ஐஓஎஸ் 7உடன் வந்தது. அதற்குள் ஐஃபோன் 3ஜிக்கான புதுப்பிப்புகள் 4.2.1 பதிப்போடு நின்று போயிருந்தன.

கேள்வி: பழைய ஐஃபோன் 3ஜியை இன்று பேசுவதற்காவது பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், துவாரகா, புதுதில்லி

பதில்: 2ஜி சேவை உள்ள நிறுவனத்தின் சிம் என்றால் பேசலாம். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் இல்லாததால் அந்த சிம் பயன்படாது. சிம் தட்டு பழைய பெரிய அளவுக்கானது. இன்றைய நானோ சிம்முக்கு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் முதலிய ஆப்கள் இயங்கா. முக்கியமாக, சார்ஜ் போடும் முன் கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். திரை மேலெழும்பியோ பின்பக்கம் புடைத்தோ இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜ் செய்யவோ, நெம்பித் திறக்கவோ, குப்பையில் போடவோ வேண்டாம். மின்கழிவு சேகரிக்கும் மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.