புளியமரத்து முனி

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. இரண்டு மாதத்துக்கு முன் தெருவில் கிடந்த நாய்க்குட்டியைக் கல்லால் அடித்து நொண்டவைத்துவிட்டான். நானும் கணவரும் எவ்வளவோ சொன்னோம், சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். என் மாமியார்தான் அவனைப் பிடித்து உட்காரவைத்து, "வாயில்லா ஜீவனை அடிக்கிற பிள்ளையைப் புளியமரத்து முனி தூக்கிக்கொண்டு போய்விடும். நேற்று ராத்திரி வந்து உன் பெயரைக் கேட்டுவிட்டுப் போனது" என்றார். அன்றோடு குட்டியின் பக்கமே போவதில்லை. மாமியாருக்கு ஒரே பெருமை.

ஆனால் மூன்று வாரமாகப் பாயை நனைக்கிறான். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் இது. பொழுது சாய்ந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்புறம் வருகிறான். போன வாரம் தங்கையின் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு, "அழுதால் முனியைக் கூப்பிடுவேன்" என்றான். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? இனிக் கதையே சொல்லக் கூடாதா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த முறுக்கிலிருந்தே தொடங்குகிறேன். குட்டிக்கு வலித்திருக்கும் என்பது உங்கள் மகனின் மனதில் இன்னும் ஏறவில்லை. பெரியவர் மிரட்டினால் சின்னவர் அடங்கிவிடுவார் என்பது மட்டும் நன்றாக ஏறியிருக்கிறது. குட்டியிடம் கல்லை வைத்துச் செய்ததைத் தங்கையிடம் முனியை வைத்துச் செய்கிறான்.

பயம் ஏவிய இடத்தில் நிற்பதில்லை. 1920-இல் வெளியான ஒரு சோதனையில், உளவியல் ஆய்வாளர்கள் வாட்சனும் ரேய்னரும் ஒரு கைக்குழந்தை வெள்ளை எலியைத் தொடப்போகும் போதெல்லாம் பின்னால் பலத்த ஓசை எழுப்பினார்கள். எலியைக் கண்டு அழத் தொடங்கிய குழந்தை, பிறகு முயலைக் கண்டும் அழுதது. (இன்று இப்படியொரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.) உங்கள் வீட்டிலும் குட்டிக்காக வந்த முனி கொல்லைக்குப் போய், இருட்டுக்குப் போய், பாயில் வந்து படுத்துவிட்டது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நின்றுபோன பழக்கம் திரும்ப வந்தால் சிறுநீர்த் தொற்று போன்றவை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நனைந்த பாயை வெயிலில் போடும்போது யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், தங்கை எதிரில் கட்டாயம் வேண்டாம்.

மாமியார் மீது எனக்குக் கோபம் இல்லை. நானும் பூச்சாண்டிக்குப் பயந்து சோறு உண்டவன்தான். அதோடு, உங்கள் இருவராலும் உட்காரவைக்க முடியாத பையனை அவர்தான் உட்காரவைத்திருக்கிறார். அதனால் நீங்கள் போய் "முனியெல்லாம் பொய்" என்று சொல்லாதீர்கள். பகலில் தலையாட்டுவான், ராத்திரி நம்பமாட்டான். முடிச்சைப் போட்ட வாய்தான் அவிழ்க்க வேண்டும். "கோபத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் ராசா. முனி ஊரைக் காக்கிற சாமி, பிள்ளைகளைத் தூக்காது" என்று பாட்டியே சொல்லட்டும்.

அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. முனீசுவரரும் ஐயனாரும் கருப்பரும் காவல் தெய்வங்கள். புரவி எடுப்பில் மண்குதிரைகளைச் சுமந்துபோய் வைக்கிற சீமை உங்களுடையது. ஒரு பகல் வேளையில் பாட்டியும் பேரனும் ஐயனார் கோயிலுக்குப் போய்வரட்டும். குதிரையின் காலை அவன் தொட்டுப் பார்க்கட்டும். கருப்பர் பக்கத்தில் நாய் நின்றால் அதையும் காட்டச் சொல்லுங்கள். ராத்திரிக் காவலுக்குக் கூடப் போகிற நாய் என்று பாட்டி கதையை வளர்க்கலாம். "அதை அடித்தால் கருப்பருக்குக் கோபம் வரும்" என்று மட்டும் முடித்துவிட வேண்டாம். பழைய முனி அந்த வழியாகத் திரும்பிவிடும்.

கோபத்துக்குப் பதில் கேள்வி போதும். கல் பட்டதும் குட்டி எங்கே ஓடியது? யாரிடம் போய் ஒண்டிக்கொண்டது? தன் செயலால் இன்னொருவருக்கு என்ன நேர்ந்தது என்று பிள்ளைக்கு எடுத்துக்காட்டுவதைப் பற்றி உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் நிறைய எழுதியிருக்கிறார். பாட்டி இந்தக் கேள்விகளைக் கதையோடு கதையாகவே அவனிடம் கேட்கட்டும். பிறகு தினமும் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைப்பது அவன் வேலை. குட்டி உடனே வராது. வராத நாளில் அவனும் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்தும் பயம் குறையாவிட்டால், அல்லது மீண்டும் கல்லை எடுத்தால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

இந்தப் பதிலை மாமியாரிடம் படித்துக்காட்ட வேண்டாம். "அத்தை, ஐயனார் ராத்திரி குதிரையில் ஊரைச் சுற்றி வருகிற கதை உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள்.