கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: 2030-க்குள் 2 லட்சம் கோடி டாலர் ஏற்றுமதி என்கிறதே மத்திய வணிகத் துறை, நடக்குமா? அதற்கு அங்கே ஆள் இருக்கிறதா?
(கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: 2024-25-ல் சரக்கும் சேவையும் சேர்த்துச் சுமார் 82,500 கோடி டாலர்தான் அம்மா. இன்னும் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காக வேண்டும். இதில் சரக்கு மட்டும் சுமார் 43,700 கோடி. முந்தைய ஆண்டும் ஏறக்குறைய அதே தொகைதான். ஏறியதெல்லாம் சேவை ஏற்றுமதி. சரக்கு அப்படியே நிற்கிறது, கம்ப்யூட்டர் வேலை மாதிரியான சேவைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கில் பாதி, அதாவது 1 லட்சம் கோடி டாலர், சரக்கிலேயே வரும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆள் விஷயம் வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதிய காலத்தில், ஒரு லைசென்ஸ் காகிதத்துக்காகத் தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு கோவையில் உள்ள அந்தத் துறை அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவேன். இப்போது 500 ரூபாய் கட்டினால் ஏற்றுமதியாளர் எண் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. என் மருமகன் ராத்திரி பத்து மணிக்கு லுங்கியோடு உட்கார்ந்து விண்ணப்பித்தார்! அப்புறம்தான் திண்டாட்டம்: துணிச் சாயத்தில் கெடுதலான ரசாயனம் இல்லை என்று ஜெர்மனிக்காரர் கேட்கும் சான்றிதழ் என்ன, எங்கே வாங்குவது? முத்திரை குத்த ஆள் வேண்டாம். இதைத் தமிழில் விளக்க ஊருக்கு ஒருவரைப் போடட்டும்.