கிரேக்கச் சொல்லான ‘அரெட்டே’யை ‘நற்குணம்’ என்று மொழிபெயர்த்தால் போதுமா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். அரெட்டே என்பது, ஒன்று தன் வேலையை மிக நன்றாகச் செய்யக் காரணமான சிறப்பு. வீட்டு அரிவாள்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்குவது அதன் வேலை. கூர்மைதான் அதன் அரெட்டே. அரிஸ்டாட்டில் கண்ணையும் குதிரையையும் உதாரணம் காட்டுகிறார். குதிரையின் சிறப்பு நன்றாக ஓடுவது. அதை ‘நற்குணம்’ என்று எழுதினால் சாதுவான குதிரை என்றல்லவா நமக்குத் தோன்றும்!

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? ரோமானியர் இதை ‘விர்ட்டூஸ்’ என்றார்கள். ‘ஆண்’ என்ற சொல்லில் பிறந்து வீரத்தைக் குறித்த சொல் அது. அது ஆங்கிலத்தில் ‘வெர்ச்சூ’ (நாம் ‘நற்குணம்’ என்று மொழிபெயர்க்கும் சொல்) ஆனபோது கிறிஸ்தவச் சமயப் பொருளும், அப்புறம் கற்பு என்ற பொருளும் அதன்மேல் ஏறிக்கொண்டன.

மனிதரின் குணம் சார்ந்த அரெட்டே பழக்கத்தால் வருவது என்கிறார் அரிஸ்டாட்டில். யாழ் வாசித்தே யாழ்க்கலைஞர் ஆவதுபோல, நியாயமானதைச் செய்து செய்தே நியாயமானவர் ஆகிறோம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அரெட்டேக்கு ‘மேன்மை’ என்ற சொல்லையே நான் விரும்புவேன்.

அப்படியானால் கைதேர்ந்த திருடனுக்கும் அரெட்டே உண்டா என்று பலர் கேட்பார்கள். இல்லை, திருட்டை எப்படிச் செய்தாலும் அது தவறே என்று அரிஸ்டாட்டில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.